தண்டுவட மருந்து: எலியில் தேறினால் போதாது

தண்டுவடக் காயம் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதுகெலும்பு முறிந்து நரம்புத் திசு நசுங்குவது முதல் கட்டம். அது நொடியில் முடிந்துவிடும். இரண்டாவது கட்டம் சில நிமிடங்களில் தொடங்கிப் பல நாள் நீடிக்கும். கசிந்த ரத்தத்தின் இரும்பு, ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும் செல்கள், காயத்துக்குத் திரண்டு வரும் வெள்ளணுக்கள் எல்லாம் சேர்ந்து ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் மூலக்கூறுகளைப் பெருக்குகின்றன. தண்டுவடத்தில் கொழுப்பு மிகுதி. அந்தக் கொழுப்புச் சவ்வுகளை இவை தொடர்ந்து அரிப்பதால், முதல் அடியில் தப்பிய நரம்புகளும் மடிகின்றன. ஆன்டிஆக்ஸிடன்ட் மருந்துகள் தடுக்க முயல்வது இந்த இரண்டாவது அழிவைத்தான்.

வைட்டமின் ஈ, மெலட்டோனின், என்-அசிட்டைல்சிஸ்டைன், மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் எனப் பலவும் விலங்குகளில் சோதிக்கப்பட்டுள்ளன. மயக்கம் கொடுத்த எலியின் தண்டுவடத்தின் மேல் அளந்த எடையை விழவைத்து, மருந்து செலுத்தி, சில வாரங்கள் அதன் நடையைக் கவனிப்பார்கள். 1995-இல் வெளியான, 0 முதல் 21 வரை மதிப்பெண் தரும் அளவுகோல்தான் இதற்குப் பொதுவாகப் பயன்படுகிறது. பலன் தெரிந்ததாகச் சொல்லும் கட்டுரைகள் ஏராளம். ஆனால் இவற்றில் ஒன்றுகூட இன்றுவரை மனிதருக்கான நிலையான சிகிச்சை ஆகவில்லை.

முதற்காரணம் நேரம். பல ஆய்வுகளில் அடிபட்ட சில நிமிடங்களிலேயே மருந்து ஏற்றப்படுகிறது. காயம் உண்டாக்கும் முன்பே கொடுத்த ஆய்வுகளும் உண்டு. மரக்காணம் பகுதிக் கீழ்புத்துப்பட்டில் பனையேறும் தொழிலாளி ஒருவர் தவறி விழுந்தால் நிலைமை வேறு. ஆட்கள் ஓடிவந்து, வண்டி பிடித்து, புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனை சேர்ந்து, ஸ்கேன் எடுத்து, ஊசி ஏறுவதற்குள் மணிக்கணக்கு கடந்துவிடும். அடுத்த காரணம் பாலினம். சிறுநீர்ப்பையைப் பராமரிப்பது எளிது என்பதால் ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் பெண் எலிகளையே எடுக்கின்றன. தண்டுவடம் அடிபட்டு வருபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். எலியின் பலனை அப்படியே மனிதருக்கு நீட்டுவது எப்படி நியாயமாகும்?

இந்த அவசரத்தின் விலையை மருத்துவ உலகம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை மிக உயர்ந்த அளவில் கொடுத்தால் கொழுப்புச் சவ்வு அரிபடுவது குறையும் என்று பூனைகளில் கண்டார்கள். 1990-இல் அமெரிக்காவில் 487 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. எட்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடம் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. உலகெங்கும் அது வழக்கமான சிகிச்சையானது. அந்தப் பலன் நோயாளிகளில் ஒரு பகுதியினரைத் தனியே பிரித்துப் பார்த்தபோது கிடைத்தது என்ற விமர்சனம் வலுக்க, தொற்று, குடல் ரத்தக்கசிவு போன்ற கேடுகளும் தெரியவந்தன. 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்க மறுத்தது. ஃப்ரீ ராடிக்கல்களைத் தடுக்கவென்றே உருவாக்கிய டிரிலாசாட் என்ற மருந்தும் 1997 ஆய்வில் மெத்தில்பிரட்னிசோலோனைவிட மேலாக எதையும் காட்டவில்லை.

அமெரிக்க அரசின் நரம்பியல் ஆய்வு நிறுவனம், நம்பிக்கை தந்த தண்டுவட விலங்காய்வுகளை வேறு ஆய்வுக்கூடங்களில் மறுபடி செய்துபார்க்கப் பணம் ஒதுக்கியது. 2012-இல் தொகுக்கப்பட்ட அந்த முயற்சிகளில் பெரும்பாலானவற்றில் முதலில் சொன்ன பலன் திரும்பக் கிடைக்கவில்லை. இது வெட்கப்பட வேண்டிய செய்தி அல்ல. இப்படிச் சரிபார்க்கும் நேர்மைதான் இந்தியாவுக்கு உடனடியாகத் தேவை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நாட்டுக் குரங்குகளில் தண்டுவடச் சீரமைப்பு ஆய்வு நடந்து, 2003-இல் வெளியானது. திறமை இங்கு இருக்கிறது. விதிதான் தளர்வாக இருக்கிறது. மனிதரிடம் செய்யும் மருந்தாய்வை 2009 முதல் இந்தியாவில் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். விலங்காய்வுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. தோற்ற ஆய்வு மேசை இழுப்பறையோடு முடிந்துவிடுகிறது, வென்றது மட்டும் அச்சேறுகிறது. வலியோடு வாழ்ந்து மடிந்த விலங்குக்கும், மருந்துக்காகக் காத்திருக்கும் மனிதனுக்கும் ஒருசேர இழைக்கும் அநீதி இது.

ஆகவே, விலங்காய்வுக்கு அனுமதி தரும் நெறிக்குழுக்கள் தண்டுவட ஆய்வுகளுக்கு நான்கு நிபந்தனைகள் விதிக்க வேண்டும். எந்த எலிக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும். நடையை மதிப்பிடுபவருக்கு அது தெரியக் கூடாது. காயத்துக்குப் பல மணி நேரம் கழித்துக் கொடுத்தும் மருந்து தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். தோல்வியையும் வெளியிட வேண்டும். இவற்றை ஏற்காத திட்டத்துக்கு அரசுப் பணம் கூடாது. இந்தத் தேர்வுகளைத் தாண்டாத எந்த மாத்திரையையும் தண்டுவடம் அடிபட்டவரின் குடும்பத்திடம் ‘நரம்பை மீட்கும் மருந்து’ என்று விற்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தடுக்க வேண்டும்.

தேறிய மருந்து ஒன்று வரும்வரை முதலுதவிதான் முக்கியம்: மரத்திலிருந்து விழுந்தவரைத் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்க வேண்டாம். கழுத்தும் முதுகும் அசையாமல் படுத்திருக்கச் செய்து, 108-ஐ அழையுங்கள்.