எத்தனாவது ராங்க்?

போன ஞாயிறு வண்டன்மேட்டுக்குப் போன் பண்ணினேன். ஏலக்காய் விலை, மழை, முட்டிவலி எல்லாம் பேசி முடித்ததும் அம்மா வழக்கமான கேள்விக்கு வந்தார். "ஏப்பா, பாப்பா இந்தத் தடவ எத்தனாவது ராங்கு?"

பள்ளிக்கூட ராங்க் இல்லை, ஸ்கேட்டிங் ராங்க். என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. டொரண்டோ பக்கம் எங்கள் ஊர் ரிங்க்கில் நாலு வருஷமாக பிகர் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறாள். ஏலத்தோட்டத்துச் சேற்றில் செருப்பைத் தொலைத்து வளர்ந்தவன் நான். ஷூவுக்கு அடியில் கத்தி கட்டிக்கொண்டு சுற்றும் பிள்ளைக்கு அப்பா ஆவேன் என்று யார் கண்டது!

அம்மா கேட்டதைக்கூட விட்டுவிடலாம். நியூஜெர்சியில் இருக்கும் மச்சான் கேட்டதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. "மாப்ள, அவள இந்தியாவுக்கு ஆட விடு. அங்க போட்டியே கிடையாது. ரெண்டே வருஷத்துல வேர்ல்ட் ராங்கிங்ல பேர் வந்துரும். காலேஜ் அப்ளிகேஷன்ல போட்டா சும்மா அள்ளும்." வீட்டம்மாவுக்கும் அதில் கொஞ்சம் ஆசை. அதனால் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து சர்வதேச ஸ்கேட்டிங் யூனியனின் விதிகளைப் படித்தேன். நம் வீடுகளில் பனிக்கட்டியில் பிள்ளையை விட்டிருக்கும் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம், இந்தப் பட்டியலில் நடுவர் போடும் மதிப்பெண்ணுக்கு இடமில்லை. எந்தப் போட்டியில் எத்தனாவது வந்தாய் என்பதற்குத்தான் புள்ளி. உலக சாம்பியன்ஷிப்பில் முதலிடத்துக்கு 1200. இரண்டாவதுக்கு 1080, மூன்றாவதுக்கு 972. ஒவ்வொரு படி இறங்கும்போதும் பத்தில் ஒரு பங்கு கழியும். 24-வது இடத்துக்கு 106, அதோடு சரி. ஐரோப்பிய சாம்பியன்ஷிப், நான்கு கண்டங்கள் சாம்பியன்ஷிப் என்றால் முதலிடத்துக்கு 840. கிராண்ட் ப்ரீ போட்டி ஒன்றில் 400, சேலஞ்சர் போட்டியில் 300. ஜூனியர் போட்டிகளுக்கும் புள்ளி உண்டு, குறைவாக.

இந்த சீசனோடு முந்தைய இரண்டு சீசனையும் சேர்த்துக் கணக்கு. அதில் பழைய சீசனுக்கு 70 சதவீதம்தான். வகைக்கு இத்தனை முடிவுகள்தான் சேரும் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். ஏலச்செடி நட்டு மூணாம் வருஷம்தான் காய் பார்க்க முடியும் என்பதால் மூணு வருஷக் கணக்கு எனக்கு உடனே புரிந்துவிட்டது :-)

இதுவரைக்கும் நியாயமாகத்தான் தெரிகிறது. இனிமேல்தான் சூட்சுமம்.

கிராண்ட் ப்ரீயில் நினைத்தவர் எல்லாம் போய் ஆட முடியாது, அழைப்பு வரவேண்டும். ஒரு போட்டிக்குப் பன்னிரண்டு பெண்கள் வரைதான். போன உலகப் போட்டியில் வந்த இடம், ராங்கிங், அந்த சீசனின் நல்ல ஸ்கோர் இவற்றைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். போட்டி நடத்தும் நாட்டுக்குத் தன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளச் சில இடங்கள் தனியாக உண்டு. அங்கே எட்டாவது வந்தாலே 191 புள்ளி. உலக சாம்பியன்ஷிப்பில் முப்பது, நாற்பது பேர் நடுவே 19-வது வருகிறவளுக்கு 180! ஆக, புள்ளி சேர்க்க அழைப்பு வேண்டும், அழைப்புக்கு ராங்க் வேண்டும், ராங்க்குக்குப் புள்ளி வேண்டும். கடன் வாங்கப் போனால் சொத்து இருக்கா என்று கேட்கிற கதைதான்.

வெளியில் நிற்பவளுக்கு சேலஞ்சர் போட்டிகள்தான் வழி. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவில். டிக்கெட், விசா, கோச்சுக்கும் டிக்கெட், ஓட்டல். ஒரு போட்டியில் சொதப்பினால் இன்னொன்றில் சரிக்கட்ட, இன்னொரு டிக்கெட் வாங்க முடிந்திருக்க வேண்டும். நான்கு இடத்துக்குப் போய் ஆறாவது வந்தவள், ஒரே இடத்துக்குப் போய் மூன்றாவது வந்தவளைத் தாண்டிவிடுவாள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இந்த ராங்க் பாதி திறமையைச் சொல்கிறது, மீதி அப்பன் பர்ஸையும் பாஸ்போர்ட்டையும் சொல்கிறது.

சந்தேகம் இருந்தால் அலிசா லியூவைப் பாருங்கள். சீனாவிலிருந்து அமெரிக்கா வந்த வக்கீல் ஒருவரின் மகள். 2022 உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கிய கையோடு, பதினாறு வயதில் "போதும்" என்று ஸ்கேட்டைக் கழற்றிவிட்டாள். இரண்டு சீசன் எந்தப் போட்டியும் இல்லை. 2024-ல் திரும்பி வந்தபோது அந்த வெண்கலமும் மூன்று சீசன் கணக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது. கையில் பூஜ்யம். 2025 மார்ச்சில் பாஸ்டனில் அவள்தான் உலக சாம்பியன். அதற்கு முன் மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்திருந்த ஜப்பானின் காவோரி சகமோட்டோ இரண்டாவது. அந்த இரண்டு வருஷம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எந்த ராங்கிங் பட்டியலிலும் இல்லை.

அதற்காக ராங்க் சும்மா என்று சொல்லவில்லை. பெரிய போட்டிகளில் ஷார்ட் புரோகிராமுக்கு யார் முதலில், யார் கடைசியில் என்பதை அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். புள்ளி இல்லாதவள் ஆரம்பத்திலேயே, பாதி நாற்காலி காலியாக இருக்கும்போது ஆடவேண்டும். புற்றடி ஏலத்துக்குப் போய்வந்தால் அப்பா இதையேதான் புலம்புவார். முதல் லாட்டுக்கு வியாபாரி கையை இறுக்கிப் பிடிப்பானாம்.

இப்போது மச்சான் யோசனைக்கு வருகிறேன். இந்தியாவுக்கு ஆடுவது குறுக்குவழி இல்லை. 2008-ல் எடுத்த முடிவுப்படி இந்தியப் பாஸ்போர்ட் இருப்பவர்தான் இந்திய அணியில் ஆடலாம், ஓ.சி.ஐ. அட்டை செல்லாது. அமெரிக்காவில் பிறந்த தாரா பிரசாத் 2019-ல் குடியுரிமையையே மாற்றிக்கொண்டு வந்தவர். தேசிய சாம்பியன் ஆனார், 2025 ஹார்பின் ஆசிய குளிர்கால விளையாட்டில் எட்டாவது வந்தார். நம் நாட்டில் உருப்படியான ரிங்க்குகளை விரல்விட்டு எண்ணலாம். டேராடூனில் 2011-ல் போட்டி நடத்திய ரிங்க்கே பல வருஷம் பூட்டிக் கிடந்து 2025-ல்தான் மறுபடி திறந்தது. சாம்பியன்ஷிப்பில் நுழையக் குறைந்தபட்ச தொழில்நுட்ப மதிப்பெண் என்று ஒன்று உண்டு, அது எந்தக் கொடிக்கும் குறைவதில்லை. தாரா அத்தனையும் தெரிந்து தானே எடுத்த முடிவு அது. என் பெண்ணுக்கு நான் அதை எடுக்க மாட்டேன், அதுவும் காலேஜ் அப்ளிகேஷனில் ஒரு வரிக்காக. சீனியர் போட்டிக்கே 17 வயது ஆகவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இன்னும் அஞ்சு வருஷம் இருக்கிறது, அவளே சொல்லட்டும். (மச்சான், கோபம் வேண்டாம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது பேசுவோம்.)

அம்மாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? "அவளுக்கு இன்னும் ராங்க்கே கிடையாதும்மா" என்றேன்.

"ராங்க்கே இல்லைன்னா எதுக்குடா விடியக்காலம் அந்தக் குளிர்ல புள்ளையக் கூட்டிட்டு அலையிற?"

"அவதாம்மா என்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போறா."

மணி பத்தரை ஆகிறது. நாளைக்கு 5.45-க்கு ரிங்க்கில் இருக்கவேண்டும்.