பசு என்ன தின்றது?

அமாவாசையன்று அகத்திக்கீரைக் கட்டும் கையுமாகப் பசுவைத் தேடிப் போகிற வழக்கம் நம் பெண்மணிகளிடம் இன்னும் போகவில்லை. மூன்றாவது மாடியில் குடியிருந்தாலும், கோயில் வாசலில் நிற்கும் பசுவுக்கு இரண்டு வாழைப்பழமாவது கொடுத்துவிட்டு வந்தால்தான் மனசு ஆறுகிறது. கொடுக்க வேண்டாமென்று தடுக்க நான் யார்? எதைக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றி மட்டும் இந்த வாரம் கொஞ்சம் பேசலாம்.

அகத்திக்கீரையால் பயமில்லை. சர்க்கரைப் பொங்கலால்தான் பயம்! சிரிக்காதீர்கள். மாட்டுப் பொங்கலன்று நீங்கள் ஓர் இலையில் கொஞ்சம் பொங்கல் வைக்கிறீர்கள். எதிர் வீட்டு மாமியும் வைக்கிறார். அடுத்த வீட்டில், 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று மிச்சமிருக்கும் வெண்பொங்கலைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து கொட்டுகிறார்கள். தெருவில் முப்பது வீடு. உங்களுக்கு அது ஒரு பிடி. பசுவுக்கு அது பெரிய அண்டா. கல்யாண மண்டபத்துப் பின்புறத்தில் மீந்த சோற்றைத் தின்கிற மாட்டுக்கும் இதே கதிதான். பண்டிகைக்கு மறுநாள் கால்நடை டாக்டர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நோயாளி இப்படிச் சோறு தின்ற மாடு.

சோறு எப்படி விஷமாகும் என்று கேட்பீர்கள். பெரிய பசுவின் முதல் வயிறு சுமார் 100 லிட்டர் பிடிக்கும். அதற்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருந்து புல்லையும் வைக்கோலையும் நிதானமாகச் செரிக்க வைக்கின்றன. பழக்கமில்லாத மாட்டின் வயிற்றில் திடீரென்று குவியலாகச் சோறு விழுந்தால், மாவுப் பொருளைத் தின்னும் ஒரு ஜாதிக் கிருமி மட்டும் மளமளவென்று பெருகி, அமிலத்தைச் சுரக்கிறது. நமது தோசை மாவு புளிக்கிற மாதிரிதான். ஆனால் மாவு அதிகம் புளித்தால் சாக்கடையில் கொட்டிவிடலாம். பசு எங்கே கொட்டும்? அதற்கு நம்மைப் போல வாந்தியெடுக்கவும் வராது. அமிலம் உடம்பிலுள்ள நீரையெல்லாம் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. கண் குழி விழுகிறது. அசை போடுவது நின்றுவிடுகிறது. சாணம் தண்ணீராகப் புளித்த நாற்றத்தோடு போகிறது. நடை தள்ளாடி, மாடு படுத்துவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் ஓரிரண்டு நாளில் உயிரே போய்விடும்.

இந்த இடத்தில்தான் வீட்டுக்கு வீடு வைத்தியர்கள் கிளம்புகிறார்கள். 'திருஷ்டி பட்டுவிட்டது' என்பார் ஒருவர். சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை; ஒருவர் சுற்றும்போது இன்னொருவர் டாக்டருக்குப் போன் செய்யட்டும். 'நல்லெண்ணெயை ஊற்று' என்பார் இன்னொருவர். சோர்ந்து கிடக்கிற மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து, மூங்கில் குழாயால் எதை ஊற்றினாலும் அது வயிற்றுக்குத்தான் போகும் என்பது நிச்சயமில்லை. மூச்சுக் குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். தின்ற சோற்றுக்குப் பிழைத்த மாடு, ஊற்றிய எண்ணெயால் செத்துப் போவதுண்டு.

மூன்றாமவர் கொஞ்சம் படித்தவர். 'சோடா உப்பைக் கரைத்துக் கொடு' என்பார். சோறு தின்ற மாட்டுக்கு டாக்டர்களும் சோடா உப்பைக் கொடுப்பதுண்டு. ஆகவே அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மாடு தின்றது சோறுதானா? கிராமத்தில் யூரியா கரைத்து வைத்த வாளியில் மாடு வாய் வைத்துவிடுகிறது. அதற்கும் வயிறு உப்புகிறது, அதுவும் தள்ளாடுகிறது. அங்கே வயிற்றில் பெருகுவது அமிலமல்ல, அம்மோனியா. அதற்குக் கொடுக்க வேண்டியது காடியும் குளிர்ந்த நீரும். சோடா உப்பைக் கொடுத்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். வாடிய இளம் சோளப் பயிரை மேய்ந்த மாடாக இருந்தாலோ இரண்டுமே உதவாது. அதிலுள்ள சயனைடு நிமிஷக் கணக்கில் கொல்லும்; நரம்பில் ஊசி போட்டாக வேண்டும்.

ஆகையால் டாக்டர் வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, 'என்ன தின்றது?' என்பதுதான். அடுத்து, 'எவ்வளவு? எப்போது?' இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக் கூடியவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிதான். வாசலில் நின்று பார்த்தவர் அவரல்லவா! மிச்சமிருக்கும் தீனியை அப்புறப்படுத்துங்கள்; ஆனால் அதில் ஒரு பிடியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வையுங்கள். பூச்சி மருந்தென்றால் டப்பாவை எறிந்துவிடாதீர்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில்தான் வைத்தியமே இருக்கிறது. மாடு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால், வைக்கோல் மூட்டையை முட்டுக் கொடுத்து மார்பின் மேல் படுக்க வையுங்கள். தண்ணீர் கொடுப்பதைக்கூட டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். எதற்கும் பக்கத்து டாக்டரின் எண்ணையும் காலண்டரில் குறித்து வையுங்கள். மாடு நேரம் பார்த்துத் தின்பதில்லை.

பூஜை அறையிலிருந்து வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. சுவாமிக்குச் சாத்திய மாலையைக் குப்பையில் போட மனம் வராமல் பசுவுக்குப் போடுகிறோம். அந்த மாலையில் அரளி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டுமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பூ, இலை, பட்டை எல்லாம் நஞ்சுதான். 10, 20 அரளி இலை ஒரு முழு மாட்டையே கொல்லப் போதுமானது. காய்ந்து சருகானாலும் வீரியம் குறையாது. தோட்டத்து அரளியை வெட்டிச் சுவரோரம் குவித்து வைக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

காய்கறித் தோலைப் பையோடு வீசுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2019-இல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவுக்கு ஐந்தரை மணி நேரம் அறுவை சிகிச்சை செய்து வெளியே எடுத்தது 52 கிலோ பிளாஸ்டிக். முடிச்சை அவிழ்த்துத் தோலை மட்டும் போட நமக்கு எத்தனை நேரம் பிடிக்கும்?

கடைசியாகப் பால் சமாசாரம். விஷம் தின்ற பசு பிழைத்து எழுந்து நின்றுவிட்டால், மறுநாள் காலையே செம்பைக் கழுவிக்கொண்டு உட்காராதீர்கள். சில நஞ்சு பாலிலும் வரும். டாக்டர் சொல்கிற வரையில் கறந்த பாலைக் கீழே கொட்டிவிடுங்கள். வீட்டுக் குழந்தைக்கும் வேண்டாம், கன்றுக்குட்டிக்கும் வேண்டாம்.