ஸ்டூ அங்கர் படித்த பள்ளிக்கூடம்

போன வாரம் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி முதல் கட்டத்தில் உள்ள ஓர் அலுவலகத்தில், தலைமைப் பண்பு வகுப்பு என்று சொல்லி எங்களை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். வகுப்பெடுக்க வந்தவர் மேசையில் ஒரு சீட்டுக்கட்டை வைத்தார். போக்கர் ஆடத் தெரிந்தவனுக்குப் பொறுமை, நிதானம், துணிச்சல் மூன்றும் தானாக வந்துவிடுமாம். ஒரே கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் குறிப்புகூட எடுத்துக்கொண்டார்.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நீலாத்ரி சாலை டீக்கடையிலும் கேட்டாயிற்று, லிங்க்ட்இன்னிலும் படித்தாயிற்று. கோழிக்கோடு ஐ.ஐ.எம்.மில் போக்கரை வைத்து ஒரு விருப்பப் பாடமே நடத்தினார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற விசாரணையே வேண்டாம், காசு கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்றது அது. போக்கர் தளங்கள் கடையைச் சாத்தின. உபதேசம் மட்டும் சாத்தவில்லை.

இவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். ஸ்டூ அங்கர் என்ன கற்றுக்கொண்டார்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நியூயார்க்கில் பிறந்த அங்கர், ஜின் ரம்மியில் எதிர்த்து உட்கார ஆளில்லாமல் போனதால் போக்கருக்கு வந்தவர். உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 என்று மூன்று முறை வென்றார். மூன்றாவது வெற்றிக்குப் பரிசு பத்து லட்சம் டாலர். அதில் பாதி, நுழைவுக் கட்டணம் கட்டி இறக்கிவிட்டவருக்குப் போனது. மீதிப் பாதி பந்தயங்களிலும் போதையிலும் கரைந்தது. மறு ஆண்டுப் போட்டிக்கும் பணம் கட்டியிருந்தார்கள். மனிதர் அறையை விட்டு வெளியே வரவில்லை. 1998 நவம்பரில் லாஸ் வேகாஸ் விடுதி ஒன்றில் இறந்து கிடந்தபோது வயது 45, கையில் இருந்தது 800 டாலர் சொச்சம். இறுதிச் சடங்குக்கு நண்பர்கள் வசூல் செய்தார்கள்.

போதைதான் அவரைக் கெடுத்தது, போக்கர் என்ன செய்யும் என்பார்கள். செய்யத்தானே வேண்டும்? நிதானத்தைச் சொல்லித்தரும் விளையாட்டு, தன் முதல் மாணவனுக்கே அதைச் சொல்லித்தர மறந்துவிட்டதா? வாரக்கடைசியில் பீர் பாட்டிலோடு பி.ஜி. அறையில் உட்காரும் நம் டெஸ்டிங் பையனுக்கு மட்டும் ஞாபகமாகச் சொல்லித்தந்துவிடுமா?

போக்கருக்குத் திறமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜேப்படிக்கும் திறமை வேண்டும். அதை யாரும் தலைமைப் பண்பு வகுப்பில் நடத்துவதில்லை. ஆனால் சதுரங்கத்தோடு இதை ஒரே வரியில் சேர்க்கும்போதுதான் எரிச்சல் தலைக்கேறுகிறது. குகேஷோடு நூறு ஆட்டம் ஆடினால் நூறிலும் நான் தோற்பேன். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னசி கணக்கர், அதற்குமுன் நேரடிப் போட்டி எதிலும் உட்கார்ந்திராதவர், இணையத் தகுதிச்சுற்று வழியாக வந்து 839 பேர் ஆடிய உலகப் போட்டியில் 25 லட்சம் டாலரை அள்ளினார். இதைப் போக்கர்காரர்கள் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்கள்! கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா. அப்போதும் நூற்றுக்குப் பதினெட்டு முறை போலத் தோற்பீர்கள். அந்தப் பதினெட்டில் என்ன பண்பு வளர்கிறது என்று யாராவது விளக்கினால் தேவலை.

தோற்கவே தோற்காதவர் ஒருவர் உண்டு, ஆட்டத்தை நடத்துபவர். மேசையில் சேரும் பணத்தில் ரேக் என்று ஒரு பங்கை எடுத்துவைத்துவிட்டுத்தான் ஜெயித்தவனுக்கே கொடுப்பார். உட்கார்ந்த எல்லோரும் கொண்டுவந்த தொகையை விட எழுந்து போகும் தொகை எப்போதும் குறைவு. பொறுமை என்னும் அருங்குணம் அவருக்குத்தான் கட்டுப்படியாகிறது.

போக்கர் உணர்ச்சியை அடக்கக் கற்றுத்தருகிறதாம். உலகப் போக்கர் தொடரில் 17 பட்டங்கள் வென்ற ஃபில் ஹெல்முத், தோற்றால் மேசையிலேயே கூச்சல் போடுவதற்காகப் பட்டப்பெயர் வாங்கியவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் படித்தும் அந்தப் பாடத்தில் தேறவில்லை. அங்கர் கதை முன்பே சொன்னதுதான். அப்படியானால் தேறியவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலும் மேடையில், நமக்கு வகுப்பெடுத்துக்கொண்டு.

இந்தத் திறமையின் பூகோளமும் வேடிக்கையானது. 2020 நவம்பரில் தமிழ்நாடு அவசரச் சட்டம் போட்டுக் காசு வைத்து ஆடும் இணைய ரம்மியையும் போக்கரையும் தடுத்தது. அத்திப்பள்ளி சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் ஓசூரில் சூதாடி, இந்தப் பக்கம் வந்தால் விளையாட்டு வீரர். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் தடையை ரத்து செய்ய, அக்டோபரில் கர்நாடகம் தடை போட, எல்லாம் தலைகீழானது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துவிட்டு ஓசூருக்கு வீடு திரும்புகிறவர், ஜூஜூவாடி தாண்டியதும் திறமைசாலி ஆனார். 2022 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. இதற்கெல்லாம் முன்பு, 2017-லேயே, குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரை அதிர்ஷ்ட ஆட்டம் என்று சொல்லியிருந்தது. ஓசூர் சாலையில் பஸ் ஓடும் தூரத்துக்குள் மாறிவிடும் குணநலனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஊரில் புளியமரத்தடியில் நாலு பேர் காசு வைத்துச் சீட்டாடினால் போலீஸ் பிடிக்கிறது. ‘சூதாடியவர்கள் கைது, ரொக்கம் பறிமுதல்’ என்று நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு பத்திச் செய்தி. அவர்களில் யாரையும் எந்தக் கம்பெனியும் முடிவெடுக்கும் கலை பற்றிப் பேச அழைத்ததில்லை. மங்காத்தாவை விடுங்கள், அவர்கள் ஆடியது ரம்மியாகவே இருந்தாலும் இதே கதிதான். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை; ஆனால் அது செகந்தராபாத் கிளப் ஒன்றின் வழக்கு. மரத்தடிக்கு வக்கீல் வைக்க ஆளில்லை. ஏ.சி. அறை, பச்சைத் துணி போட்ட மேசை, ஆங்கிலத்தில் ‘ஆல் இன்’ என்று சொல்லும் வாய் இவை மூன்றும் இருந்தால் அதே சீட்டு வாழ்க்கைப் பாடம் ஆகிவிடுகிறது. லுங்கி கட்டியிருந்தால் குற்றம்.

இன்னொன்று. தோற்றவனை யாரும் பேசக் கூப்பிடுவதில்லை. கடன் செயலியில் வாங்கி ஆடிவிட்டு, மாதக் கடைசியில் “மச்சான், ஒரு அஞ்சாயிரம் ஜிபே பண்ணு, சம்பளம் வந்ததும் தந்துடறேன்” என்று எல்லோருக்கும் அனுப்புகிறவன் நம் எல்லோருடைய போனிலும் இருக்கிறான். அவனுக்கும் பொறுமையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

இணையப் போக்கருக்குத் தடை வந்ததும் இந்த உபதேசிகள் சும்மா இருப்பார்கள் என்று நினைத்தேன். பாதிப் பேர் இப்போது பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ பக்கம் போய்விட்டார்கள். வார்த்தைகள்கூட மாறவில்லை. அதே ரிஸ்க், அதே நிதானம், அதே ‘மைண்ட்செட்’. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இந்த வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்று செபியே ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. இங்கும் தரகருக்குக் கமிஷன் தவறாமல் போய்ச் சேர்ந்தது. மீதி ஏழு சதவீதத்தில் சேருவது எப்படி என்று எலெக்ட்ரானிக் சிட்டி இரண்டாம் கட்டத்தில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடக்கிறது. கட்டணம் முன்பணமாகக் கட்ட வேண்டும், ஜி.எஸ்.டி. தனி.