வலிக்கு மீட்டர் இருக்கா பாஸ்?

காய்ச்சலா? தெர்மாமீட்டர் வெச்சா 102-னு காட்டிடும். பிரஷரா? கையில பட்டையைச் சுத்தி, நாலு அமுக்கு அமுக்கினா தெரிஞ்சிடும். ஆனா, 'வலிக்குது டாக்டர்'னு போய் நில்லுங்க... 'பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க'ம்பார். உங்க ஏழும் உங்க ரூம்மேட்டோட ஏழும் ஒண்ணானு யாருக்கும் தெரியாது. கிளாஸை கட் அடிக்கச் சொல்ற தலைவலியும், நிஜமாவே மண்டையைப் பிளக்குற தலைவலியும் வெளியிலிருந்து பார்த்தா ஒரே மாதிரிதான்!

இதுக்கு ஒரு மீட்டர் கண்டுபிடிச்சா என்னனு 1940-லேயே யோசிச்சிருக்காங்க. நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்டி, வுல்ஃப், குடெல் என்ற மூவர், நெற்றியில் கறுப்பு மையைத் தடவி, அதன் மேல் விளக்கின் வெப்பத்தைக் குவித்துப் பார்த்தார்கள். சோதனை எலிகள்? அவங்களேதான்! பிறகு வலிக்கு 'டால்' என்று ஓர் அலகுகூட வைத்தார்கள். ஆனா, 'இப்போ வலிக்குது'னு கடைசியில் ஆள்தானே வாயைத் திறந்து சொல்லணும்? மீட்டர் அளந்தது விளக்கோட சூட்டைத்தான். 'டால்' நிலைக்கவில்லை.

சரி, வாயிருக்கிறவங்க பாடே இப்படின்னா, பேசத் தெரியாத பச்சைக் குழந்தை என்ன செய்யும்?

கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கிட்டுப் படிங்க. 1980-களின் பாதி வரைக்கும் மேலை நாடுகளின் பெரிய மருத்துவமனைகளிலேயே, குறைமாதக் குழந்தைகள் பலருக்குப் போதிய வலி மருந்து தராமலே ஆபரேஷன் செய்தார்கள். அசையாமல் இருக்க மட்டும் ஒரு மருந்து. 'நரம்பு இன்னும் முழுசா வளரலை, வலி தெரியாது' என்பது ஒரு காரணம். மயக்க மருந்தைப் பிஞ்சு உடம்பு தாங்காது என்ற பயம் இன்னொரு காரணம். இந்த நம்பிக்கையை ஆட்டி வைத்தவர்களில் முக்கியமானவர் நம்ம நாட்டுக்காரர். இந்தூரில் மருத்துவம் படித்து, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ்.ஆனந்த். ஆபரேஷனின்போது 'ஃபென்டனில்' என்ற வலி மருந்தும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் குறைவு, பின்னால் வரும் சிக்கல்களும் குறைவு என்று 1987-ல் 'லான்செட்' இதழில் அவர் குழு காட்டியது.

அடுத்த கேள்வி, அந்த வலியை மூளையிலேயே பார்க்க முடியுமா? அதுக்குத்தான் ஈ.ஈ.ஜி. 1924-ல் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலா மனித மூளையின் மின் அலையைப் பதிவு செய்த டெக்னிக். தலையில் சின்னச் சின்ன எலெக்ட்ரோடுகளை ஒட்டினால் போதும், ஊசி கீசி கிடையாது. கிடைக்கிற சிக்னல் ரொம்பப் பொடிசு. டார்ச் செல்லோட 1.5 வோல்ட்டை லட்சம் பங்கு போட்டா, அதில் ஒரு பங்கு அளவு!

பிறந்த குழந்தைக்கு ரத்தப் பரிசோதனைன்னா குதிகாலில் குத்தி எடுப்பாங்க. குத்தி சுமார் அரை விநாடியில் ஈ.ஈ.ஜி-யில் ஒரு தனி அலை எழுகிறது. சும்மா தொட்டால் அது வர்றதில்லை. லண்டனில் ரெபெக்கா ஸ்லேட்டர் குழுவினர் இதை வைத்து 2010-ல் ஒரு சோதனை செய்தார்கள். குத்துவதற்கு முன் சில குழந்தைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர், சிலருக்கு வெறும் தண்ணீர். சர்க்கரை குடித்த குழந்தை அவ்வளவாக முகம் சுளிக்கவில்லை. 'அப்பாடா'னு நினைக்கும்போதே... மூளையின் அலை துளியும் குறையவில்லை! 2017-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மரத்துப்போகும் க்ரீமைத் தடவிப் பார்த்தபோது அலை சின்னதானது.

அப்போ மீட்டர் ரெடியா? அவசரப்படாதீங்க பாஸ். அந்த அலை நிஜமாவே வலிதானா, இல்லை 'ஏய், ஏதோ நடக்குது, கவனி!' என்ற மூளையின் அலாரமா? பெரியவர்கள் கையில் ஒரு விநாடி இடைவெளியில் மூன்று முறை லேசரால் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூணு தடவையும் வலி அதேதான்னு சொன்னாங்க. ஆனா இரண்டாவது, மூன்றாவது அலைகள் சுருங்கிவிட்டன. இன்னொரு கூத்து: பிறவியிலேயே வலியை உணராத இருவரை ஸ்கேன் செய்து 2016-ல் வெளியிட்டார்கள். நமக்கு வலிக்கும்போது எரியும் பல்புகளெல்லாம் அவங்க மூளையிலும் எரிஞ்சுது! சர்க்கரைத் தண்ணீர் முடிவுமேல் சண்டை வந்ததும் இந்தச் சந்தேகத்தால்தான். அதனால குழந்தைகளிடமும் அலையோடு முகம், இதயத்துடிப்பு எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்க்கறாங்க.

2023-ல் கலிஃபோர்னியாவில் நாள்பட்ட வலி உள்ள நாலு பேரின் மூளைக்குள் எலெக்ட்ரோடு பொருத்தி, மாதக்கணக்கில் பதிவு செய்தார்கள். யாருக்கு எப்போ வலி ஜாஸ்தி என்று கம்ப்யூட்டர் ஓரளவு சரியாகவே சொன்னது. ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுத்ததே, 'இப்போ இவ்வளவு வலிக்குது'னு அந்த நாலு பேரும் தினமும் கொடுத்த மார்க்தான்!

இந்த மீட்டரைப் பேச முடியாதவங்களுக்குக் குரலாக வெச்சா, அது வரம். 'மெஷின்ல ஒண்ணும் காட்டலை, நீ நடிக்கிறே'னு சொல்ல வெச்சா? சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தி எழுதியபோது இரண்டையும் சேர்த்தே சொன்னது: ஒருவர் வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும், சொல்ல முடியவில்லை என்பதால் வலியே இல்லை என்று ஆகிவிடாது.

மாசாமாசம் வயிற்றைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுக்கிற ஹாஸ்டல் தோழியிடமோ, மைக்ரேன்னு இருட்டறையில் கிடக்கிற நண்பனிடமோ 'சீன் போடாதே'னு சொல்றதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்குங்க. உலகத்தின் காஸ்ட்லியான மெஷின்கூட 'உனக்கு எப்படி இருக்கு?'னு கேட்டுத்தான் கத்துக்குது. நாமளும் கேட்போமே!