பொல்லடி பார்த்த ஒரு நாள்



ஸுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு கண்டியிலிருந்து நாலு பேர் வானில் ஏறினோம். நால்வரும் ஒரே அரபுக் கல்லூரியில் ஓதியவர்கள். மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவையும் இறங்கி முடிக்கும் வரை பேச்சில்லை. ஒருவருக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னர் பழைய விடுதிக் கதைகள்தாம். அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊரொன்றில் எங்களோடு ஓதிய நண்பரின் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளையைப் பொல்லடியோடு பெண் வீட்டுக்கு அழைத்து வரப் போகிறார்கள் என்று அவர் தொலைபேசியில் சொன்னபோதே எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

பொல்லடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? களிகம்பு என்றும் சொல்வார்கள். கிழக்கிலங்கைக்கு வெளியே இருக்கும் வாசகர்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆண்கள் கையில் பொல்லுடன் வட்டமாக நின்று ஆடுவது. அண்ணாவியார் பாடுவார், அவருடைய தாளத்துக்குத்தான் கால்கள் அசையும். இறைவனைப் புகழ்ந்து, ஸலவாத்துச் சொல்லித் தொடங்குவார்கள். முதலில் ஆறுதலான நடை. போகப் போக வேகம் ஏறும். எதிரே நிற்பவரின் பொல்லில் தட்டி, அப்படியே திரும்பி அடுத்தவரின் பொல்லில் தட்ட வேண்டும். ஆகவே ஆட்டக்காரர் தொகை இரட்டைப்படையாகவே இருக்கும். ஒருவர் அரைக் கணம் பிந்தினால் பொல்லு பொல்லில் படாது, விரலில் படும்!

கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் கோல்களி என்று இதற்கு உறவான ஓர் ஆட்டம் உண்டு. எங்களில் ஒருவர் இப்போது ஆங்கிலமும் படிப்பிக்கிறார். அமெரிக்காவில் சதுர நடனம் என்று ஒன்று இருப்பதாக அவர் சொன்னார். நான்கு சோடிகளாக எட்டுப் பேர் நிற்க, அடுத்த அடியை ஒருவர் கூவிச் சொல்வாராம். "அவர்களுக்கும் ஓர் அண்ணாவியார் இருக்கிறார்" என்று சிரித்தார். அங்கே ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுகிறார்கள். அது நமக்கு ஆகாது. அண்ணாவியார் விஷயம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

இனி அந்தக் காரணம். 1999 இல், மௌலவிப் பட்டம் பெற்ற சூட்டோடு, இதே ஊரில் கத்தீபாக இருந்தேன். ஒரு ஜும்ஆவில் பொல்லடியை வெளுத்து வாங்கினேன். பாட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்கவில்லை. முன் ஸஃப்பில் அண்ணாவியார் இருந்தார். மறு வாரமே அவர் பொல்லுகளைக் கட்டி மச்சில் போட்டுவிட்டார் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதும், அதை ஆயிஷா (ரழி) அவர்கள் பார்த்து நிற்க நபி (ஸல்) அவர்கள் இடமளித்ததும் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. அந்த ஹதீஸை நான் ஓதாமல் இல்லை. ஓதியிருந்தும் அன்று நினைவுக்கு வரவில்லை. கெட்ட பாட்டு வந்தால், தொழுகை தவறினால், இன்றும் தடுப்பேன். அங்கே அவை இரண்டும் இருக்கவில்லை.

அஸருக்குப் பின் ஊர்வலம் புறப்படும் நேரம் பார்த்தால் பதினொரு பேர்தான் நிற்கிறார்கள். ஒரு பையனுக்குக் காய்ச்சல். கதிரையில் இருந்த அண்ணாவியார் (எண்பதைத் தாண்டியிருப்பார்) கூட்டத்தைப் பார்த்தார்; பின் என்னைப் பார்த்தார். "மௌலவி, ஒரு ஆள் குறையுது."

தொப்பியைச் சரி செய்துகொண்டு பொல்லை வாங்கினேன். நண்பர்கள் மூவரும் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. பாடியது அவருடைய பேரன், பதினாறு வயது. இரண்டாவது பாட்டில் வேகம் கூடியதும் என் பெருவிரல் வாங்கிக்கொண்டது. மூன்றாவதில் காய்ச்சல்காரப் பையனே போர்வையோடு ஓடி வந்து என்னைக் காப்பாற்றினான்.

இரவு சஹனில் அண்ணாவியாரோடு ஒன்றாக இருந்தேன். வீங்கிய விரலால் சோற்றைப் பிசைய முடியவில்லை. 1999 ஆம் ஆண்டு ஜும்ஆவைப் பற்றி மெல்லத் தொடங்கினேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றேன். அவர் இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளினார்.

"அது கிடக்கட்டும் மௌலவி. பேரன் ரெண்டாம் பாட்டுல ஒரு அடிய விட்டுட்டான். கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை என்றேன்.

"விரல் பட்டது அதாலதான்" என்றார்.