கிணறு பொது, கயிறு யார் கையில்?

சாதி வன்கொடுமை பற்றிய ஒரு காணொளியைச் சமூக ஊடகத்தில் போட்டால், கூட்டம் சேர்ந்து 'ரிப்போர்ட்' அடித்து அதைக் காணாமல் ஆக்கிவிடுகிறார்கள். சொந்த இணையதளம் வைத்தாலும் அது வாடகைச் சர்வர்தான், ஒரு நோட்டீஸ் போதும். அதனால்தான் கல்லூரித் தோழர்கள் பலர் இப்போது நம்மிடம் கேட்கிறார்கள்: "நம்ம ஆவணங்களை ஏன் பிளாக்செயின்ல ஏத்தக் கூடாது? யாராலும் அழிக்க முடியாதே!"

நியாயமான கேள்வி. முன்னுதாரணமும் உண்டு. சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த பாலியல் வன்முறை பற்றிய தகவல்களை வெளியிடச் சொல்லி, யுவே ஷின் என்ற மாணவியும் அவருடைய தோழர்களும் 2018 ஏப்ரலில் கோரிக்கை வைத்தார்கள். நிர்வாகம் தன்னை மிரட்டியதை அவர் பகிரங்கக் கடிதமாக எழுதினார். கடிதம் சீன ஊடகங்களிலிருந்து துடைக்கப்பட்டது. முகம் தெரியாத ஒருவர் அந்த முழுக் கடிதத்தையும் எத்தேரியம் வலையமைப்பில் ஒரு பரிவர்த்தனையோடு இணைத்து அனுப்பிவிட்டார். இன்றும் அது அங்கே இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், ஷென்ஷென் ஜாசிக் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகச் சென்ற யுவே ஷினைக் காவல்துறை பிடித்துச் சென்றது. கடிதத்தை அழிக்க முடியவில்லை, எழுதியவரைத் தூக்க முடிந்தது. தொழில்நுட்பம் எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

சரி, இப்படி ஒரு செயலி எப்படி இயங்குகிறது? 2015-இல் தொடங்கிய எத்தேரியத்தில் 'ஸ்மார்ட் கான்ட்ராக்ட்' என்ற சிறு நிரலை எழுதி ஏற்றலாம். பெரும்பாலும் சாலிடிட்டி மொழியில் எழுதுகிறார்கள். ஏற்றிய நிரலை நினைத்தபடி திருத்த முடியாது. எழுதும் ஒவ்வொன்றுக்கும் 'கேஸ்' என்ற கட்டணம் உண்டு. புதிதாக 32 பைட் சேமிக்கவே சுமார் 20,000 கேஸ் ஆகும் என்றால், ஒரு காணொளியைச் சங்கிலியில் வைக்க என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் பக்கங்களையும் படங்களையும் ஐபிஎஃப்எஸ் போன்ற பகிர்வு வலையமைப்பில் வைக்கிறார்கள். அங்கே கோப்பின் முகவரி அதன் உள்ளடக்கத்திலிருந்தே பிறக்கிறது, ஓர் எழுத்து மாறினாலும் முகவரி மாறிவிடும். ஆனால் யாராவது ஒருவர் தம் கணினியில் அந்தக் கோப்பை 'பின்' செய்து வைத்திருந்தால்தான் அது நீடிக்கும். ஒருவரும் வைத்திருக்காவிட்டால் போய்விடும்.

இது நமக்குப் புதிதல்ல. 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' எந்த அரசு நூலகத்தின் தயவிலும் பிழைக்கவில்லை. தனி மனிதர்கள் வீட்டில் பாதுகாத்த பிரதிகள்தான், பின்னாளில் ஞான. அலாய்சியஸ் 1999-இல் அவர் எழுத்துகளைத் தொகுக்க வழிசெய்தன. பிரதி பல வீடுகளில் இருக்க வேண்டும் என்ற அறிவு நம் மக்களிடம் முன்பே இருந்தது.

இனி நமக்கு உறுத்துகிற இடத்துக்கு வருவோம். 'மையம் இல்லாதது' என்கிறார்கள். ஆனால் பெரும்பாலான பயனர்கள் மெட்டாமாஸ்க் போன்ற பணப்பை வழியாகத்தான் சங்கிலியைத் தொடுகிறார்கள். அது இயல்பாக இன்ஃபியூரா என்ற ஒரே நிறுவனத்தின் சர்வர்களுக்குப் போகிறது. 2020 நவம்பரில் இன்ஃபியூரா தடுமாறியபோது பல செயலிகள் முடங்கின. 2022 மார்ச்சில், தடைப் பட்டியலை அமல்படுத்தும்போது தவறாக அமைத்ததால் வெனிசுவேலா மக்கள் வெளியே நின்றார்கள். கிணறு பொதுதான், கயிறும் ராட்டினமும் ஒருவர் கையில். இந்த ஏற்பாடு நமக்குத் தெரியாததா?

அடுத்தது, யார் சரிபார்க்கிறார்கள் என்பது. 2022 செப்டம்பருக்குப் பிறகு எத்தேரியத்தில் சரிபார்ப்பாளராக 32 ஈத்தரைப் பிணையாகக் கட்ட வேண்டும். மின்சாரச் செலவு பெருமளவு குறைந்தது, நல்லது. ஆனால் முதல் உள்ளவருக்கே அந்த இடம். சாதிக்கு எதிரான கருவி என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அரசும் இதே மொழியைப் பேசுகிறது. தமிழ்நாடு 2020-இலேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. 'நம்பிக்கை இணையம்' என்று பெயரும் வைத்தாயிற்று. நிலப் பதிவேடு இப்படி மாறினால் பஞ்சமி நிலம் மீளுமா? 1892-க்குப் பின் நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம் பல ஊர்களில் இன்று வேறு சாதியினர் பெயரில் பட்டாவாக இருக்கிறது. அந்தப் பட்டாவை அப்படியே சங்கிலியில் ஏற்றினால், அபகரிப்புக்கு அழியாத முத்திரை கிடைக்கும். சங்கிலிக்குப் பொய் எது, மெய் எது என்று தெரியாது. முதலில் எழுதியவர் யார் என்பதே கேள்வி, அது கிராம நிர்வாக அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

எல்லாவற்றையும்விட நாம் கண்டிப்பாக இருப்பது ஒரு விஷயத்தில்: பாதிக்கப்பட்டவரின் பெயர், முகம், ஊர் எதுவும் சங்கிலியில் ஏறக் கூடாது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும். பத்து வருடம் கழித்து அந்தப் பெண் "என் கதையை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால், "முடியாது அக்கா, அது பிளாக்செயின்" என்று சொல்லவா போகிறோம்? அழிக்க முடியாமை ஆதிக்கத்தின் பொய்க்கு எதிராகத்தான் ஆயுதம். நம்மவரின் துயரத்துக்கு அது சிறை.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஆவணம் நம் வட்டத்திலேயே பூட்டி இருக்கட்டும். அதன் ஷா-256 ஹாஷ் மட்டும் சங்கிலிக்குப் போகட்டும். அது சரியாக 32 பைட், செலவும் கட்டுப்படும். ஊர், தேதி, பெயர் எதுவும் வேண்டாம். பின்னர் "இந்தக் காணொளியை வெட்டி ஒட்டிவிட்டார்கள்" என்று எதிர்த்தரப்பு சொன்னால், இன்ன நாளில் இதே கோப்பு இருந்தது என்று காட்டலாம். பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹாஷ் மதிப்புக்கு இடம் இருக்கிறது. ஆனால் இது அசல் போனுக்கோ சாட்சிக்கோ மாற்றல்ல, வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

பயிற்சிக்கு செப்போலியா சோதனை வலையமைப்பு போதும், அங்கே புழங்கும் ஈத்தருக்கு விலை இல்லை. ரீமிக்ஸ் என்ற உலாவிப் பக்கத்தில் ஒரு மாலையில் முதல் கான்ட்ராக்டை ஏற்றிவிடலாம். உண்மை ஆவணத்தைத் தொடாமல் பழகுங்கள். பிறகு உண்மையான பணப்பைக்கு வரும்போது, ஐந்தில் மூன்று கையெழுத்து இருந்தால்தான் பதிவு ஏறும் என்று அமைக்கலாம். அந்த ஐந்து சாவிகளை யாரிடம் கொடுப்பது என்று முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்: கோடிங் தெரிந்த ஐந்து ஆண்களிடமா, அல்லது சேரியில் தினமும் வழக்குக்காக அலைகிற அக்காக்களிடமா?