பூட்டிய வீட்டுக் கணக்கு

விடியும் முன்னே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கிளம்பும் ஜீப்புகள், போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளத்தின் பூப்பாறைப் பக்கம் இறங்குகின்றன. உள்ளே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள், மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். பகல் பத்து மணிக்குத் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளருக்குப் பூட்டுதான் கண்ணில் படும். வீடு எண்ணிக்கையில் மட்டும் குறைவிருக்காது.

எத்தனை வீடு, எத்தனை கொசுவலை, எத்தனை பயனாளி: இலக்கைத் தொட்டால் திட்டம் வென்றது. நிதி தரும் வெளிநாட்டு நிறுவனம் முதல் நம் வட்டார அலுவலகம் வரை ஊறிப்போன நம்பிக்கை இது. வெறும் பொய்க்கணக்கு என்றால்கூடப் பிடித்துவிடலாம். இது உண்மைக் கணக்கை வைத்தே ஏமாற்றும்.

மலேரியாவைப் பாருங்கள். பெரியாறு அணை கட்டும்போது (1887-1895) பலரைக் காவு வாங்கிய காய்ச்சல் அது. 1953இல் அமெரிக்க உதவியோடு டிடிடி தெளிப்பு தொடங்கியபோது நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு வந்ததாக மதிப்பீடு. 1965இல் அது சுமார் 1 லட்சம். 1976இல் 64 லட்சம்! கொசு டிடிடிக்குப் பழகிவிட்டது, மருந்து வரத்து தடுமாறியது என்பார்கள். சரிதான். ஆனால், வென்றாயிற்று என்று பொதுச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைத்த ஊர்களில், காய்ச்சல்காரரின் ரத்தத்தைத் தேடிப்போய்ச் சோதிக்கப் போதிய ஆள் இல்லையே?

இலங்கையில் 1963இல் நோயாளிகள் வெறும் 17 பேர். தெளிப்பை நிறுத்தினார்கள். 1969இல் 5 லட்சத்தைத் தாண்டியது. 1963இல் மதிப்பீட்டுக் குழு போயிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு விமானம் ஏறியிருக்கும். அதே இலங்கை 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றைப் பெற்றது. உள்ளூரில் கடைசித் தொற்று கண்டது 2012இல். அதன் பிறகும் வெளியிலிருந்து திரும்புகிறவர்களின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள்.

எண்ணாமல் எப்படி என்கிறார்கள். தாராளமாக எண்ணட்டும். காய்ச்சல் கண்ட எத்தனையாவது நாளில் ரத்தம் எடுத்தோம் என்பதை எண்ணட்டும். காலை ஐந்து மணிக்கு ஜீப் நிற்கும் இடத்தில் ஒரு மேசை போட்டு, அங்கே வருகிறவர்களை எண்ணட்டும். அந்த மேசைக்குக் காசு கேட்டுப் பாருங்கள்: பயனாளி எந்த மாநிலம் என்றுதான் படிவம் முதலில் கேட்கும்.